ராஜா ஏன் எரேமியாவைக் கொல்லவில்லை?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே ஸ்கூலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எரேமியாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை, யூதாவின் ராஜா யோயாக்கீம் கத்தியால் அறுத்து நெருப்பில் போடும் இடம் வந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“அக்கா, அவன் ராஜாதானே? சுருளை எரிச்சதுக்குப் பதிலா எரேமியாவையே கொன்னிருக்கலாமே. ஏன் கொல்லல?”

“கர்த்தர் அவரை மறைத்து வைத்தார்” என்று சொன்னேன். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் நம்புவதும் அதைத்தான். சரியென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது, கேள்வி அங்கே முடியவில்லை என்று புரிந்தது. எப்படி மறைத்தார், யாரை வைத்து மறைத்தார், அன்றைக்கு அந்த ஊரில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம் அது.

வீட்டுக்கு வந்து எரேமியா புத்தகத்தைத் திறந்தவள் பல மாதம் அதிலேயே கிடந்தேன். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

*

முதலில் ஒன்று. யோயாக்கீம் கொல்லத் தயங்குகிற ஆள் இல்லை. தீர்க்கதரிசியைக் கொன்றிருக்கிறான்.

எரேமியா 26ஆம் அதிகாரத்தின் கடைசியில், நாலே வசனத்தில் உரியா என்று ஒருவர் வந்து போகிறார். கீரியாத்யாரீம் ஊர்க்காரர். இந்த நகரம் அழியும் என்று எரேமியா சொன்னதையே இவரும் சொன்னார். ராஜா தன்னைக் கொல்லத் தேடுகிறான் என்று தெரிந்ததும் எகிப்துக்கு ஓடிப்போனார். ஆனால் எகிப்து அன்றைக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இல்லை. யோயாக்கீமைச் சிங்காசனத்தில் உட்காரவைத்ததே எகிப்தின் பார்வோன் நேகோதான். கி.மு. 609இல் மெகிதோவில் யோசியா ராஜாவைக் கொன்று, அவனுக்குப் பின் வந்த மகனை மூன்றே மாதத்தில் இறக்கிவிட்டு, இன்னொரு மகனான யோயாக்கீமை ராஜாவாக்கியவன் அவன். யூதாவிலிருந்து ஆட்கள் போனார்கள், உரியாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பட்டயத்தால் வெட்டினார்கள். உடலைச் சாதாரண ஜனங்களைப் புதைக்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவ்வளவுதான் உரியாவின் கதை. அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட நமக்கு வந்து சேரவில்லை.

ஒரே ராஜா, ஒரே காலம், ஒரே செய்தி. ஒருவர் செத்தார், ஒருவர் பிழைத்தார். ஏன்? உரியா செத்த செய்திக்கு அடுத்த வசனமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. சாப்பானின் மகன் அகீக்காம் எரேமியாவின் பக்கம் நின்றான். அதனால் அவரைக் கொல்லும்படி ஜனங்களின் கையில் கொடுக்கவில்லை.

அகீக்காம். பிள்ளைப் பருவத்திலிருந்து வேதம் வாசிக்கிறேன். இந்தப் பெயரில் ஒருமுறைகூட என் கண் நின்றதில்லை. எங்களுக்கு அப்போது ராஜாக்களின் பட்டியல்தான் மனப்பாடம். சாலொமோன் காலம்வரை ஒன்றாக இருந்த ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று உடைந்தபின் வந்தவர்கள். ரெகொபெயாம், அபியா, ஆசா, யோசபாத் என்று தொடங்கி, மூச்சு விடாமல் சிதேக்கியாவில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது.

*

அந்த 26ஆம் அதிகாரம் ஒரு வழக்கு விசாரணை. ஆலயத்தின் பிராகாரத்தில் நின்று, இந்த ஆலயமும் பழைய ஆராதனை இடமான சீலோவைப்போல் பாழாகும் என்று எரேமியா சொல்லிவிட்டார். ஆசாரியர்களும் மற்றத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்துக்கொண்டு, இவன் சாகவேண்டும் என்று கத்துகிறார்கள். அரமனையிலிருந்து பிரபுக்கள் வந்து வாசலில் உட்கார்கிறார்கள். அப்போது நாட்டு மூப்பர்களில் சிலர் எழுந்து ஒரு பழைய சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார்கள். எசேக்கியா ராஜாவின் நாட்களில் மோரேசா ஊர்க்காரனான மீகாவும் இதையேதானே சொன்னான், சீயோன் வயல்போல உழப்படும் என்று? எசேக்கியா அவனைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து அவரை நோக்கிக் கெஞ்சினான் அல்லவா?

ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் நடந்தது, அதுவும் ராஜாவைக் கண்டித்த ஒருவர் உயிரோடு விடப்பட்ட சம்பவம், கிராமத்துப் பெரியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. இன்னொரு உயிரைக் காப்பாற்ற அதை எடுத்து நீட்ட அவர்களுக்குத் தெரிகிறது.

தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலில் மட்டும் இருந்தவர்கள் இல்லை. நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளில் அசீரியத் தீர்க்கதரிசிகளின் வாக்குகளும் இருக்கின்றன. பெரும்பாலும், ராஜாவே பயப்படாதே, உன் பகைவர்கள் உன் காலடியில் விழுவார்கள் என்கிற மாதிரி வாக்குகள். அப்படிச் சொல்கிறவர்கள் இஸ்ரவேலிலும் ஏராளம். வடக்கு ராஜ்யத்தின் ராஜா ஆகாபின் முன் 400 பேர் ஒரே குரலாய்ப் போருக்குப் போங்கள், ஜெயிப்பீர்கள் என்றார்கள். மிகாயா என்கிற ஒருவர் மட்டும் மாற்றிச் சொல்லிச் சிறைக்குப் போனார். இஸ்ரவேலில் வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், ஜனங்கள் கடைசியில் யாருடைய வார்த்தையைப் பத்திரப்படுத்தினார்கள் என்பதில் வருகிறது. அந்த 400 பேரில் சிதேக்கியா (யூதாவின் ராஜா சிதேக்கியா இல்லை) என்ற ஒருவனின் பெயர்தான் நமக்குத் தெரியும். அதுவும் அவன் மிகாயாவைக் கன்னத்தில் அறைந்ததால்.

ஆகாபைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. கி.மு. 853இல் கர்கார் என்ற இடத்தில் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசரை எதிர்த்துச் சிற்றரசர்கள் பலர் கூடி நின்றார்கள். அந்த அசீரிய ராஜாவின் கல்வெட்டு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எதிரிகளின் பட்டியலில் இஸ்ரவேலின் ஆகாபும் வருகிறான்: 2,000 ரதங்கள், 10,000 காலாட்படை. அந்தக் கூட்டணியிலேயே அதிக ரதங்கள் அவனுடையவை. சாதாரண ஆள் இல்லை. ஆனால் ராஜாக்களின் புத்தகத்தில் கர்கார் யுத்தத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு அதிகாரம் முழுக்க இருப்பது என்ன? ஒரு திராட்சத்தோட்டம். அரமனைக்குப் பக்கத்தில் நாபோத் என்பவனுக்கு இருந்த தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்க ஆகாபுக்கு ஆசை. பிதாக்களின் சொத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அவன் மனைவி யேசபேல் ராஜாவின் முத்திரையைப் போட்டுக் கடிதம் அனுப்பி, பொய்ச்சாட்சி வைத்து, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லவைத்தாள். தோட்டத்தை எடுத்துக்கொள்ள ஆகாப் போனபோது, தீர்க்கதரிசி எலியா அந்தத் தோட்டத்திலேயே வந்து நின்றார்.

2,000 ரதங்களை விட்டுவிட்டு ஒரு கீரைக்கொல்லையை ஞாபகம் வைத்துக்கொண்ட ஜனங்கள் அவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் ஒரு பெரிய மரியாதை வருகிறது.

தாவீதின் கதையும் அப்படித்தானே. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷனைப் போர்முனையில் சாகவிட்ட ராஜாவிடம், நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, அந்த மனுஷன் நீயே என்றார். (செத்துப்போன அந்தப் புருஷன் பெயரும் உரியாதான்.) தாவீது நாத்தானைக் கொல்லவில்லை. பிற்பாடு பத்சேபாள் பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்கு நாத்தான் என்று பெயர். தீர்க்கதரிசியை நினைத்து வைத்த பெயரா என்று வேதம் சொல்லவில்லை. அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

*

சரி, சாப்பானின் குடும்பத்துக்கு வருகிறேன். இந்தப் பல மாத வாசிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பொக்கிஷம் இவர்கள்தான்.

சாப்பான், யோசியா ராஜாவின் அரமனையில் எழுத்தர். பழைய மொழிபெயர்ப்பில் ‘சம்பிரதி’ என்று அழகாகச் சொல்கிறார்கள். கி.மு. 622 வாக்கில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கண்டெடுத்து சாப்பானிடம் கொடுத்தார். சாப்பான் ராஜாவிடம் போய், முதலில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த பணக் கணக்கைச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘ஆசாரியர் ஒரு புத்தகம் கொடுத்தார்’ என்று எடுத்து வாசித்தார். கணக்கை முதலில் சொல்கிற அந்த ஒழுங்கில் ஒரு நல்ல குமாஸ்தாவை அப்படியே பார்க்கலாம். யோசியா அந்த வார்த்தைகளைக் கேட்டதும் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். ஆட்களை உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் அனுப்பிக் கேட்டான். எரேமியா ஏற்கெனவே தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் ராஜா ஆள் அனுப்பியது ஒரு பெண்ணிடம். இதை என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

சாப்பானின் ஒரு மகன் அகீக்காம். இன்னொரு மகன் கெமரியா. எலாசா என்ற மற்றொரு மகன், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவன். ஒரு தலைமுறைக்குப் பிறகு எல்லாம் இடிந்து கிடந்தபோது, மீந்திருந்தவர்களைப் பார்த்துக்கொள்ள பாபிலோனியர் அதிபதியாக வைத்தது அகீக்காமின் மகன் கெதலியாவை. எரேமியாவின் ஊழியம் ஏறக்குறைய நாற்பது வருடம். அதில் முக்கியமான வளைவு ஒவ்வொன்றிலும் இந்த வீட்டு ஆள் ஒருவர் நிற்கிறார். ராஜாவின் சம்பளம் வாங்குகிற வீடு. ராஜாவுக்குப் பிடிக்காத வார்த்தைக்குக் காவலாக நின்ற வீடும் அதுவே.

*

இப்போது அந்தச் சுருள்.

கி.மு. 605இல் கர்கேமிசில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தின் படையை முறியடித்தான். உலகம் தலைகீழாகத் திரும்பிய வருடம் அது. அதே வருடத்தில்தான் எரேமியா பாருக்கைக் கூப்பிட்டு, இத்தனை காலம் தான் பேசினதையெல்லாம் எழுதச் சொன்னார். எரேமியாவுக்கு ஆலயத்துக்குள் போகத் தடை. ஆகவே பாருக் போய் வாசிக்க வேண்டும். அடுத்த வருடம், ஒன்பதாம் மாதம், எருசலேமில் உபவாசம் கூறப்பட்ட நாள். நம் கணக்கில் கி.மு. 604 டிசம்பர் வாக்கில். பாபிலோனிய வரலாற்றுக் குறிப்புப் பலகையைப் பார்த்தால், அதே மாதத்தில்தான் நேபுகாத்நேச்சார் கடற்கரையில் இருந்த அஸ்கலோனைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். எருசலேமிலிருந்து இரண்டு மூன்று நாள் நடை. ஜனங்கள் ஏன் உபவாசம் இருந்தார்கள் என்று இதைப் படித்தபின் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

பாருக் சுருளை வாசித்தது எங்கே? ஆலயத்தின் மேல்பிராகாரத்தில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில். கெமரியாவின் மகன் மிகாயா அதைக் கேட்டுவிட்டு, இறங்கிப்போய் அரமனையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளிடம் சொன்னான். அவர்கள் பாருக்கைக் கூப்பிட்டு, உட்கார், எங்களுக்கும் வாசி என்றார்கள். கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தார்கள். பிறகு அவர்கள் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையெல்லாம் எப்படி எழுதினாய்? பாருக் சொன்ன பதில் அதைவிடப் பிடிக்கும். அவர் வாயினால் சொன்னார், நான் மையினால் எழுதினேன்.

ராஜாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் போவதற்கு முன் இரண்டு காரியம் செய்தார்கள். பாருக்கிடம், நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றார்கள். சுருளைக் கையோடு கொண்டுபோகாமல் சம்பிரதி எலிசாமாவின் அறையில் வைத்துவிட்டு, வாய்ப்பேச்சாக மட்டும் ராஜாவிடம் சொன்னார்கள்.

ராஜா சுருளை எடுத்துவரச் சொன்னான். குளிர்கால வீட்டில் உட்கார்ந்திருந்தான்; முன்னால் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. யெகுதி என்பவன் வாசித்தான். மூன்று நாலு பத்தி ஆனதும் ராஜா ஒரு சூரிக்கத்தியால் அதை அறுத்துக் கணப்பில் போட்டான். எழுத்தர்கள் வேலைக்கு வைத்திருக்கிற கத்தி அது. இன்னும் மூன்று நாலு பத்தி. மறுபடியும் அறுத்துப் போட்டான். கோபத்தில் பிடுங்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிதானமாகக் கேட்டுக் கேட்டு எரித்தான். சுருள் முழுவதும் தீரும்வரை. அந்தக் குளிரில் அந்த அறையில் நின்றவர்களைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டு விழும்போதும் கணப்பு ஒரு கணம் உயர்ந்து எரிந்திருக்கும். யாரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று வேதம் எழுதுகிறது. எபிரெயத்தில் ராஜா சுருளை அறுத்ததற்கும் வஸ்திரத்தைக் கிழிப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். அப்பா வார்த்தையைக் கேட்டு உடுப்பைக் கிழித்தான். மகன் உடுப்புக் கசங்காமல் வார்த்தையைக் கிழித்தான்.

மூன்று பேர் மட்டும், எரிக்க வேண்டாம் என்று ராஜாவிடம் கெஞ்சினார்கள். எல்நாத்தான், தெலாயா, கெமரியா.

இந்த எல்நாத்தான் யார் என்று தேடிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எகிப்துக்குப் போய் உரியாவைப் பிடித்து வந்தவர்கள் என்று சொன்னேனே, அவர்களுக்குத் தலைவனாகப் போனவன் அக்போரின் மகன் எல்நாத்தான். அதே ஆள்தான். இடையில் சில வருடங்கள். அவனுக்குள் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. தான் பிடித்துக்கொண்டுவந்த மனிதன் வெட்டப்பட்டதைப் பார்த்தவன், இன்னொருவருடைய சுருள் எரியும்போது வாய் திறக்கிறான். ராஜா கேட்கவில்லை. ஆனாலும் அவன் பெயர் இந்த இரண்டாவது இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறதே, அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

எரேமியாவையும் பாருக்கையும் பிடிக்க ஆள் போனது. அவர்கள் கிடைக்கவில்லை. எரேமியா இன்னொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார். எரிந்ததெல்லாம் மறுபடி எழுதப்பட்டது. அது போதாதென்று, இன்னும் அதுபோன்ற அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன.

*

1982இல் எருசலேமின் தாவீதின் நகரம் என்கிற பகுதியில், இகால் ஷிலோ என்ற அகழாய்வாளர் தோண்டியபோது, பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டின் சாம்பலில் 50க்கும் மேற்பட்ட சிறு களிமண் முத்திரைகள் கிடைத்தன. பத்திரங்களைச் சுருட்டி நூலால் கட்டி, முடிச்சின்மேல் ஒரு துளி களிமண்ணை வைத்து, பெயர் வெட்டிய கல்லால் அழுத்துவார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். பத்திரங்கள் எல்லாம் அந்தத் தீயில் போய்விட்டன. களிமண் மட்டும் அதே தீயில் சுட்டு இறுகிக் கல்போல நின்றுவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும் எழுத்து: சாப்பானின் மகன் கெமரியாவுக்குரியது.

பாருக்கின் முத்திரை என்று சொல்லிச் சந்தையில் வந்த ஒன்றும் உண்டு. அதைப் போலி என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கெமரியாவின் முத்திரையின் கதை அப்படியில்லை. மண்ணிலிருந்து முறையாகத் தோண்டி எடுத்தது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சினவன் பெயர் நெருப்பினாலேயே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

*

யோயாக்கீம் போனான். அவன் மகன் யோயாக்கீன் மூன்று மாதம் ஆண்டு, கி.மு. 597இல் நகரத்தை ஒப்படைத்துப் பாபிலோனுக்குச் சிறையாகப் போனான். பாபிலோனியர் சிதேக்கியாவை ராஜாவாக்கினார்கள். அவனும் சில வருடம் பொறுத்துவிட்டுக் கலகம் செய்தான். முற்றுகை வந்தது.

யூதாவின் கோட்டை நகரமான லாகீசின் வாசல் அறையில் 1935இல் எரிந்த மண்ணடுக்கிலிருந்து பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. இந்தக் கடைசி நாட்களில் வெளிக் காவல்நிலையில் இருந்தவர்கள் எழுதியவை. ஒன்றில், லாகீசின் தீச்சைகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்காவைக் காணமுடியவில்லை என்று இருக்கிறது. எரேமியா புத்தகமும், யூதாவின் கோட்டை நகரங்களில் இன்னும் விழாமல் இருப்பவை லாகீசும் அசேக்காவும்தான் என்று சொல்கிறது. இன்னொரு ஓட்டில், எருசலேமில் அதிகாரிகள் அனுப்பும் வார்த்தைகள் நல்லதல்ல, கைகளைத் தளரச்செய்கின்றன என்று ஒருவன் முறையிடுகிறான். எரேமியாவின்மேல் பிரபுக்கள் வைத்த குற்றச்சாட்டும் சொல்லுக்குச் சொல் அதுதான். இந்த மனுஷன் யுத்தவீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான், சாகவேண்டும்.

அவர்களை என்னால் சுலபமாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. எதிரி மதிலுக்கு வெளியே நிற்கிறான். ஊருக்குள் ரொட்டி குறைந்துகொண்டே வருகிறது. அப்போது ஒருவர் தெருவில் நின்று, சரணடைந்தால் பிழைப்பீர்கள் என்கிறார். என் தம்பியோ மகனோ மதில்மேல் காவல் நின்றிருந்தால் நான் யார் பக்கம் பேசியிருப்பேன்? நேர்மையாகச் சொன்னால், பிரபுக்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

அந்தப் பிரபுக்களில் இருவர் செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா. இந்த இருவர் பெயரும் உள்ள முத்திரைகளும், 2005இலும் 2008இலும் அதே தாவீதின் நகரத்தில், சில மீட்டர் இடைவெளியில் கிடைத்துவிட்டன. காத்தவர்கள், கொல்லப் பார்த்தவர்கள், இரு பக்கத்துப் பெயர்களும் அந்த ஒரே மேட்டின் மண்ணில் இருந்திருக்கின்றன.

இதோ, அவன் உங்கள் கையில் இருக்கிறான், ராஜா உங்களுக்கு எதிராக ஒன்றும் செய்யக்கூடாதே என்று சிதேக்கியா விட்டுவிட்டான். எரேமியாவைக் கயிறுகட்டி ஒரு துரவில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, உளைதான். அவர் அந்தச் சேற்றில் அமிழ்ந்தார்.

அரமனையில் எபெத்மெலேக்கு என்று ஒருவன் இருந்தான். எத்தியோப்பியன் என்று நம் வேதம் சொல்கிறது. எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கத்துக் கூஷ் தேசத்தவன். அந்தப் பெயருக்கு ‘ராஜாவின் வேலைக்காரன்’ என்றுதான் அர்த்தம். ராஜா பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், எல்லாரும் பார்க்க நேரே போய், இந்த மனுஷர் செய்தது தகாதது, அவர் அங்கே பட்டினியால் சாவார் என்றான். யூதாவின் பிரபுக்கள் பேசாததை ஓர் அந்நியன் பேசினான். 30 பேரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தூக்கிவிடு என்றான் ராஜா.

எபெத்மெலேக்கு நேரே துரவுக்குப் போகவில்லை. முதலில் அரமனைப் பொக்கிஷ அறையின் கீழே போய்க் கந்தைத்துணிகளையும் கிழிந்த பழம்புடவைகளையும் பொறுக்கி எடுத்தான். அவற்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஐயா, இதை உம்முடைய அக்குள்களில் கயிற்றுக்குக் கீழே வைத்துக்கொள்ளும் என்று சொன்னான். பிறகுதான் இழுத்தார்கள். சேற்றில் புதைந்த ஓர் ஆளை வெறும் கயிற்றால் இழுத்தால் அக்குள் அறுந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முற்றுகைக்குள், அவசரத்தில், உயிரே மிஞ்சினால் போதும் என்கிற நேரத்தில், ஒரு மனிதன் இன்னொருவரின் தோலைப் பற்றி யோசித்திருக்கிறான்.

*

அதற்குப் பிறகு சிதேக்கியா எரேமியாவை இரகசியமாக, ஆலயத்தின் மூன்றாம் வாசலில் வரவழைத்துப் பேசினான். என்னிடம் ஒன்றும் மறைக்காதே என்றான். எரேமியா அப்போதும் அதையே சொன்னார். வெளியே போய்ச் சரணடைந்தால் பிழைப்பாய், நகரமும் எரியாது. ஏற்கெனவே சரணடைந்த யூதர்கள் என்னைப் பரிகாசம் பண்ணுவார்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன் என்றான் ராஜா. பின்பு, நாம் பேசினதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். யோயாக்கீமை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். சிதேக்கியாவிடம் அது வருவதில்லை. உண்மை எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்க இருட்டில் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தான். கேட்டபடி செய்ய மட்டும் அவனால் முடியவில்லை.

சுமார் ஒன்றரை வருட முற்றுகைக்குப் பிறகு, கி.மு. 586இல் (587 என்றும் கணக்கிடுகிறார்கள்) மதில் உடைந்தது. ராஜா இரவில் தோட்டத்து வழியாக ஓடி, எரிகோவின் சமவெளியில் பிடிபட்டான். ரிப்லாவில் அவன் கண்முன்னே பிள்ளைகளை வெட்டினார்கள். அதற்குப் பின் அவன் கண்களைக் குருடாக்கி, வெண்கல விலங்கு போட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதுதான். ஆலயம் எரிந்தது, அரமனை எரிந்தது, கெமரியாவின் முத்திரை இருந்த வீடும் எரிந்தது.

காவல் முற்றத்தில் கிடந்தபோதே எரேமியா எபெத்மெலேக்குக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார். நகரம் விழும், ஆனால் உன் உயிர் உனக்குக் கொள்ளைப்பொருளைப்போலக் கிடைக்கும். வருடங்களுக்கு முன், சுருளை எழுதிக் களைத்துப்போய்ப் புலம்பிய பாருக்குக்கும் இதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. பெரிய காரியங்களைத் தேடாதே. நீ போகிற இடமெல்லாம் உன் உயிரை உனக்குக் கொள்ளைப்பொருளாகத் தருவேன். எழுதினவனுக்கும் கந்தைத்துணி கொண்டுவந்தவனுக்கும் ஒரே சம்பளம்.

*

இதையெல்லாம் படித்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து கிணற்றுக்கயிறு ஒரு துண்டும் அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பையனை முன்னால் கூப்பிட்டு, கயிற்றை அவன் அக்குளுக்கு அடியில் கட்டி, மெதுவாகத்தான் மேலே இழுத்தேன். “அறுக்குதுக்கா” என்று நெளிந்தான். அவிழ்த்து, புடவையை மடித்து வைத்து, மறுபடி இழுத்தேன். இந்தமுறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அகீக்காம், கெமரியா, எல்நாத்தான், எபெத்மெலேக்கு என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் எல்லாரும் நோட்டை எடுத்தார்கள். ராஜாக்கள் பட்டியலை எழுதியிருந்த பக்கத்தில் அவனுக்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் நோட்டைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு எழுதினான். எபெத்மெலேக்கில் ‘க்’ உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன்.